தண்ணி சாப்பிட்டவள்

காலையில் பார்த்தபோது சொம்பு மறுபடியும் காலி. லேக்கைப் பார்த்த ஜன்னலில், தினமும் சாயங்காலம் மாமியார் சுப்பம்மாள் சொம்பு நிறையத் தண்ணீர் வைப்பாள். காக்காய்க்கு என்பாள். இருட்டிய பிறகு எந்தக் காக்காய் இரண்டாம் மாடிக்கு வந்து ஒரு சொட்டுச் சிந்தாமல் குடிக்கும்? சொம்புக்குள் பாசி வாடை வேறு.

வத்சலாவுக்கு இந்தக் குடும்பத்தின் மேல் மரியாதை இருந்ததே இல்லை. பெங்காலி ஊருக்குப் பிழைக்க வந்து, லேக் மார்க்கெட்டில் அப்பளமும் காபிப்பொடியும் விற்றுக் காலம் தள்ளிய கூட்டம். தமிழ்கூட ஒழுங்காக வராது. பெங்காலிக்காரர்கள் பேச்சில் ஜலத்தைக் குடிப்பதும் சாப்பிடுவதுதான் என்று இவர்களும் 'தண்ணி சாப்பிடறியா' என்பார்கள். திருச்சியில் பிறந்தவளுக்குக் காது கூசும். மகள் அக்ஷராவும் அப்படியே பேசும்போது தலையில் அடித்துக்கொள்வாள்.

பொய்யாவது உருப்படியாகச் சொல்கிறார்களா? செத்துப்போன மாமனார் வேதாச்சலத்தின் தங்கை கல்பனா, அந்தக் காலத்தில் ஒரு பெங்காலிப் பையனோடு ஹவுராவில் ரயிலேறி ஓடிப்போனாளாம். ஓடிப்போனவளின் மூக்குக்கண்ணாடி பரணில் எப்படி வந்தது? கண்ணாடி இல்லாமல் எதிரே நிற்கும் ஆளே தெரியாதவள் எந்த ரயிலைப் பார்த்து ஏறினாள்? கேட்டால் கணவன் ஜெய்ராம் செல்போனை நோண்டுவான். கோழைக் கூட்டம். கட்டடத்தில் பால் பாக்கெட் திருடியவனைக் கையும் களவுமாகப் பிடித்த நாளிலிருந்து, தன்னிடம் எதுவும் தப்பாது என்று வத்சலாவுக்கு நினைப்பு.

அன்று நாலு மணிக்கே வானம் கறுத்தது. கால்பைசாகி என்னும் கோடைப் புயல் வரப்போகிறதென்று மாமியார் சீக்கிரமே தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள். வத்சலா அதை எடுத்து லேக் பக்கம் கொட்டினாள். காலிச் சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். யார் வந்து கேட்கிறார்கள், பார்த்துவிடலாம். ஜன்னலை ஒட்டிய கட்டிலில் அக்ஷரா தூங்கிக்கொண்டிருந்தாள்.

காற்று கதவுகளை அறைந்தது. கரண்ட் போயிற்று. சமையலறையில் சுப்பம்மாள் மெழுகுவர்த்தி ஏற்றினாள். சுவரில் மாலை போட்ட படத்தில் வேதாச்சலம் சந்தனப் பொட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தே, சொம்பைக் கவுத்துட்டேன். இன்னிக்காவது நெஜத்தைச் சொல்லுங்க. கல்பனா எங்க?"

தீக்குச்சி விரல்வரை எரிந்தது. சுப்பம்மாள் உதறவில்லை.

"நான் கல்யாணமாகி வந்த புதுசு. அந்தப் பையனைத்தான் கட்டிப்பேன்னு அவ ஒரே பிடிவாதம். ஒருநாள் உன் மாமனார் சட்டையெல்லாம் ஈரமா லேக்லேர்ந்து வந்தார். கல்பனா எங்கன்னேன். 'வயிறு நெறையச் சாப்பிட்டுட்டா'ன்னார். நானும் அவ பங்கு சோத்தை மூடி வச்சிட்டேன். இந்த ஊர்ப் பேச்சு என் நாக்குல ஒட்டினப்புறம்தான் புரிஞ்சுது, என்னத்தைச் சாப்பிட்டான்னு."

"புரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தீங்களா? தூ! நீங்கள்லாம் மனுஷங்களா?"

"துப்பு, பரவால்ல. அவ வர்றப்போ சொம்பு காலியா இருந்தா உள்ள வந்துடுவா. கொழந்தை எங்கம்மா?"

வத்சலா அறையை நோக்கி ஓடினாள்.

கூடத்தைத் தாண்டினாள். தரை காய்ந்திருந்தது, ஆனால் லேக்கின் வாடை முழங்கால் உயரத்துக்கு நிற்பதுபோல் இருந்தது. மழைச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம். சளப். பிறகு விழுங்கும் சத்தம். மறுபடி சளப். யாரோ யாருக்கோ பொறுமையாகச் சோறூட்டுவதுபோல்.

கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. தோளால் இடித்தாள்.

"அக்ஷரா!"

பதில் வந்தது. தொண்டை நிறைந்த குரலில்.

"மா, பிஷி ஊட்டறா."

பிஷி. அப்பாவோடு பிறந்த அத்தையை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஜெய்ராமோடு பிறந்தவர்கள் யாரும் இல்லை. ஜெய்ராமின் அப்பாவோடு பிறந்தவள்தான் உண்டு.

கதவு விட்டுக்கொடுத்தது. மின்னல்.

குழந்தை ஜன்னலோரம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கன்னங்கள் உப்பியிருந்தன. கவுனுக்குள் வயிறு குடமாகப் பெருத்திருந்தது.

"போதும்னேன் மா. இன்னும் தண்ணி சாப்பிடுங்கறா."

தண்ணீரைக் குடிப்பார்கள் என்று திருத்த வத்சலாவுக்கு நாக்கு எழவில்லை.

கம்பிகளுக்கு நடுவே, ஊறி வெளுத்த ஒரு கை நீண்டிருந்தது. உள்ளங்கையில் தண்ணீரைக் கவளமாக உருட்டியது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அக்ஷரா வாயைத் திறந்தாள்.