நீல வாளி

"வாளியக் கழுவி வச்சது யாரு?"

"நீதான்னு நெனச்சேன்."

"நான் இப்பதாண்டா படியேறி வர்றேன். இன்னும் பையக்கூட எறக்கல."

தம்பி தோளைக் குலுக்கினான். அக்கா தோளில் மடிக்கணினிப் பையோடு அப்படியே குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். காலையில் படப்பிடிப்பு முடிந்தால், அவள் வந்து ரப்பர் கையுறை மாட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு கழிப்பறையில் கவிழ்க்கும்வரை அந்த நீல வாளி நிறைந்துதான் இருக்கும். இன்று உள்ளே ஒரு துணுக்கு இல்லை. கழுவிய ஈரமும் இல்லை. விளிம்பிலிருந்து அடிவரை எதுவோ நக்கி எடுத்ததுபோல வழவழவென்று, காய்ந்த எச்சிலின் மினுமினுப்பு மட்டும் இருந்தது.

காலால் அதை இன்னும் உள்ளே தள்ளினாள்.

நான்காவது மாடியில் இருந்தது அந்த ஒற்றை அறை. வெளிச்சம் மாறாமலிருக்க ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்திருந்தார்கள். பட்டப்பகலிலும் உள்ளே விளக்குகள்தான். பொரித்த எண்ணெயும் உருகிய சீஸும் ஒன்றரை வருடமாகச் சுவரில் ஊறிப்போயிருந்தன. விரலை வைத்தால் பிசுபிசுத்தது.

இங்கேதான் 'அடங்காத வயிறு' தயாராகிறது. ஒல்லிக்குச்சி ஒருவன் ஒரே அமர்வில் பன்னிரண்டு தட்டுகளைக் காலி செய்யும் சேனல். பார்ப்பவர்கள் அவனை 'வயிறண்ணே' என்பார்கள். பத்தியத்தில் கிடப்பவர்கள், தனியாகச் சாப்பிடப் பிடிக்காதவர்கள், தூக்கம் வராதவர்கள், எல்லோரும் அவன் மெல்லும் சத்தத்தைக் காதில் மாட்டிக்கொண்டு கிடப்பார்கள்.

உண்மையில் அவன் விழுங்குவதே இல்லை. மென்று, குனிந்து, வாளியில் துப்புவான். குனியும் இடத்தை அக்கா வெட்டி எடுத்துவிடுவாள். வெட்டிய இடத்தை மூட ஒரு விழுங்கல் வேண்டும். முதல் நாள் முதல் வாயை மட்டும் அவன் நிஜமாகவே விழுங்கியிருந்தான். இரண்டு விநாடி. அதைத் தனியாக எடுத்து 'விழுங்கல்' என்று பெயரிட்டு வைத்துக்கொண்டாள். அன்று முகம் மழித்தபோது தொண்டைக் குமிழின்மேல் பிளேடு கீறிய சிவப்புக் கோடு ஒன்று இருந்தது. அதைக் கணினியில் நிறம் பூசி மறைத்தாள். அவ்வளவுதான். இருநூற்றுச் சொச்சம் வீடியோக்களிலும் ஆயிரக்கணக்கான தடவை அதே ஒரு விழுங்கலைத்தான் ஒட்டிக்கொண்டே வந்தாள்.

"இன்னிக்கு வேண்டாண்டா. ஒடம்பு சரியில்லன்னு போட்டுட்டு விட்டுடு."

"மூணு மணிக்கு நேரலைன்னு சொல்லியாச்சு. வராம போனா ஏமாத்துக்காரன்னு முடிவே பண்ணிடுவாங்க."

அந்த வீடியோ செயலி புதிதாக 'வெட்டில்லா நேரலை' என்றொரு சேவையைத் தொடங்கியிருந்தது. யாரும் கை வைக்காத காட்சி என்று செயலியே முத்திரை குத்தும். அது வந்த நாளிலிருந்து ஒரே பேச்சுதான்: 'வயிறண்ணே, வெட்டாம தின்னு காட்டுங்க பாப்போம்.'

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. தம்பியால் மூன்று வாரமாகத் தண்ணீரைக்கூட விழுங்க முடியவில்லை. மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுத் தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். ஊசி வழியாக ஏறும் குளுக்கோஸில்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட்டில் ஆணியால் புதிதாக நான்கு ஓட்டை போட்டிருந்தான்.

"பசி உயிர் போகுதுக்கா," என்றான் மெதுவாக. "வாய் நெறைய சோறு இருக்கு. எப்படி எறக்கறதுன்னு மறந்துபோச்சு. சிரிக்காத."

"யாரு சிரிக்கிறா?"

"வாளிக்குக்கூட என்னவிட நல்லா எறங்குது போல."

அவள் மடிக்கணினியைத் திறந்து காலைக் காட்சியைப் போட்டாள். காதுகளை மூடும் பெரிய ஹெட்போன். தம்பி மெல்கிறான். சளக், சளக். குனிகிறான். துப்புகிறான். வாளியில் தொப்பென்று விழும் சத்தம்.

பிறகு, மேசைக்கு அடியிலிருந்து, ஒரு விழுங்கல்.

நிறுத்தினாள். பின்னால் போனாள். மறுபடி கேட்டாள்.

களக். கடைசியில் மூக்கிலிருந்து மெல்லிய விசில்போல ஒரு காற்று.

தூக்கத்தில் கேட்டாலும் அவளுக்குத் தெரியும். அவளுடைய அதே இரண்டு விநாடி. ஆனால் இந்தக் காட்சியில் அவள் இன்னும் எதையும் ஒட்டவில்லை.

அவன் இருபத்தொரு முறை துப்பியிருந்தான். இருபத்தொரு முறையும் கீழே எதுவோ விழுங்கியிருந்தது. முடியளவு வித்தியாசம் இல்லை.

'விழுங்கல்' கோப்பைத் தேடி எடுத்து அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு வரி வந்தது.

இந்தக் கோப்பு பயன்பாட்டில் உள்ளது.

எல்லாவற்றையும் மூடினாள். மறுபடி அழுத்தினாள்.

பயன்பாட்டில் உள்ளது.

"டேய்..." என்று நிமிர்ந்தாள். அதற்குள் மூன்று மணியாகி, படப்பிடிப்பு விளக்குகள் எரிந்தன. அவன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான். கேமராவின் சிவப்புப் புள்ளி ஒளிர்ந்தது. பன்னிரண்டு தட்டுகள். கோழி, நூடுல்ஸ், முட்டை, வழியும் சீஸ்.

அவன் முதல் வாயை மென்றான். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

விழுங்கினான்.

தொண்டைக் குமிழ் ஏறி இறங்கியது. அடுத்த வாயும் இறங்கியது. அதற்கடுத்ததும். திரையில் மஞ்சள் முகங்களும் கைதட்டல்களும் மழையாகக் கொட்டின. அவளுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. மூன்று வாரப் பட்டினிக்குப் பிறகு பிள்ளை சாப்பிடுகிறான். என்னென்னவோ கற்பனை செய்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நான்காவது தட்டில்தான் கவனித்தாள்.

ஒவ்வொரு விழுங்கலுக்கும் அவனது வலது தோள் அரை அங்குலம் உயர்ந்தது. இடது கண் பாதி மூடியது. ஒவ்வொரு முறையும் அதே அளவு. முடிவில் அதே விசில். வாய் நிறைய இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அதே இரண்டு விநாடி.

கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு.

ஒன்றரை வருடத்துக்கு முன் ஆறிப்போன கீறல். இப்போது பிளேடு பட்டதுபோலப் புத்தம்புதிதாக இருந்தது. அவன் இன்று முகம் மழிக்கவே இல்லை.

"தம்பி," என்று கிசுகிசுத்தாள்.

அவன் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். "இன்னும் அடங்கல மக்களே." முதல் வீடியோவில் சொன்ன அதே குரல், அதே இழுப்பு. அவள் பக்கம் திரும்பவே இல்லை.

ஏழாவது தட்டு. வயிறு துளிகூட உப்பவில்லை. கடைசி ஓட்டையில் மாட்டியும் பெல்ட் தளர்வாகவே தொங்கியது.

தொப்.

சத்தம் மேசைக்கு அடியிலிருந்து வந்தது. அவன் குனியவில்லை. துப்பவும் இல்லை.

தொப்.

புளித்த வாந்தியின் நெடி அறையை நிரப்பியது. கேமராவில் படாதபடி அவள் முழங்காலிட்டுத் தவழ்ந்து போனாள். சற்று முன் நக்கித் துடைத்ததுபோலக் கிடந்த வாளி முக்கால் நிறைந்திருந்தது. மென்ற கோழியும் முட்டையும் எச்சிலில் குழைந்து, சாம்பல் நிறக் கூழாக, வெதுவெதுவென்று ஆவி விட்டது. மேலே அவன் ஒருமுறை விழுங்கினால், கீழே கூழ் ஒரு விரற்கடை ஏறியது.

இவ்வளவு நாளும் அவள் வெட்டி எறிந்ததெல்லாம் இந்த வாளிக்குள் விழுந்த பகுதிதான். துப்பியவன், ஓங்கரித்தவன், களைத்துப்போய் "போதும்க்கா" என்றவன். திரையில் மிச்சம் விட்டது மேலே உட்கார்ந்திருப்பவனை மட்டும்.

கையுறைகள் அறையின் மறுகோடியில், பையில் இருந்தன.

கூழின் நடுவே ஒரு குமிழ் எழுந்து வெடித்தது. இன்னொன்று. அடியிலிருந்து, மூன்று வாரப் பட்டினியில் கம்மிப்போன குரல், ஹெட்போனில்லாமலே தெளிவாகக் கேட்டது.

"அக்கா... கொஞ்சம் கையக் குடேன்."