முப்பத்தேழு டிகிரி

உலையின் உறுமலில் ஒரு குறையும் இல்லை. வெப்பம் காட்டும் மீட்டரில்தான் எண் இறங்கிக்கொண்டிருந்தது.

கடைத் தராசுகளுக்கு முத்திரை வைக்கும் ஆய்வாளர் அவர். இருபது வருடமாக யார் கண்ணையும் நம்பியதில்லை, தன் கண் உட்பட. பெயிண்ட் டிரம்மை வெட்டி, உள்ளே சூடு தாங்கும் பஞ்சை ஒட்டி, கேஸ் சிலிண்டரை இணைத்து, வீட்டுப் பின்புற ஷெட்டில் இந்த உலையைச் செய்ததே வெல்டர் மச்சினனின் வாயை அடைக்கத்தான். “நெறத்தப் பாத்தாலே சூடு தெரியும் மாமா” என்று பல்லைக் காட்டியிருந்தான். பெரிய மேதாவி! சட்டைப் பித்தானைச் சரியாகப் போடத் தெரியாத மூஞ்சி அது. சாயங்காலம் அவன் வருவதற்குள் சரியாக எண்ணூற்றைம்பது டிகிரியில் ஒரு கத்தியைப் பழுக்க வைத்து, அந்த எண்ணை அவன் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும்.

காற்றில் எண் ஆடுகிறதென்று கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்தார். சுட்ட இரும்பின் வாடை தொண்டையில் படிந்தது, தலை கனத்தது, சுவரில் அவருடைய நிழல் கூரைவரை எழுந்து ஆடியது. ரெகுலேட்டரை இன்னும் திருகினார்.

அறுநூறு. முந்நூறு. கத்தி ஆரஞ்சு நிறத்தில் ஜொலித்தது. நிறத்தை நம்ப அவர் என்ன வெல்டரா?

தொண்ணூறு. ஐம்பது. முப்பத்தேழு. அங்கேயே நின்றுவிட்டது.

உறுமலும் அடங்கியது. தீ மட்டும் ஓசையின்றி எரிந்தது. உலைக்குள்ளே யாரோ மூச்சு விடும் சத்தம். இழுத்து. விட்டு. இழுத்து.

ஓரடி பின்வாங்கினார். ஓடிவிடலாம். ஓடினால் அந்தப் பயல் ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பான். போன வாரம் அவரே சோதித்த மீட்டர் இது. முப்பத்தேழு என்றால் வெறும் உடம்புச் சூடு. அதற்குப் பயப்படுகிறவன் ஒரு மனுஷனா?

கையுறையைக் கழற்றினார். கையை உலைக்குள் விட்டார்.

சுடவில்லை. வெதுவெதுப்பான ஓர் உள்ளங்கை அவர் கையைப் பற்றிக்கொண்டது.

கதவு தடதடத்தது. “மாமா! என்ன இப்படிக் கருகுற வாடை? கதவத் தெறங்க மாமா!”

“கத்தாதடா. முப்பத்தேழுதான் காட்டுது. மீட்டர் பாக்கத் தெரியுமா உனக்கு?”

சொல்லும்போது உதட்டைக்கூடச் சுழித்தார். எண்ணைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் கை முழங்கைவரை கருகி உதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த கை பிடியை மேலே நகர்த்தி, தோளையும் உள்ளே இழுத்தது.