கன்னத்துக் கருகல்

1997 ஓகஸ்ட். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் தவராசாவின் கருவாட்டு வாடி. திங்கட்கிழமை விடியும்போது அங்கே எஞ்சின் கொட்டில் எரிந்து கிடந்தது. மண்ணெண்ணெய்ப் பீப்பாய் வெடித்துக் கூரைத் தகரத்தைத் தூக்கி எறிந்திருந்தது. உள்ளே பூட்டி வைத்த மூன்று படகு எஞ்சின்களைக் காணவில்லை. இரும்பு எரிந்து சாம்பலாகாது. எஞ்சின்களை எடுத்த பிறகுதான் யாரோ நெருப்பு வைத்திருக்கிறார்கள்.

செவ்வாய் காலை பத்தரைக்குக் குற்றவாளி பொலிஸ் நிலையத்து வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அப்படித்தான் அங்கே எல்லோரும் சொன்னார்கள்.

அவள் பெயர் புஷ்பவதி. வாடியில் கருவாடு காயவைக்கிறவள். இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை. பொலிஸ் வீட்டுக்குப் போனபோது தலை வரைக்கும் போர்த்திக்கொண்டு பாயில் கிடந்தாள். போர்வையை விலக்கினால் இரண்டு கன்னமும் மூக்குத்தண்டும் கருகிக் கிடந்தன.

"பீப்பாய் வெடிக்கேக்க நெருப்பு முகத்தில அடிச்சிருக்கு. வேற என்ன சாட்சி வேணும்?" என்றார் வாடி மனேஜர் குலசிங்கம். அவர்தான் முறைப்பாடு கொடுத்தவர். "எஞ்சினை இயக்கத்துக்குக் குடுத்திட்டுக் கொட்டிலைக் கொளுத்தியிருக்கிறாள்."

அவர் தலை புதிதாக மழித்திருந்தது. மீசையும் இல்லை. தலையிலும் முகத்திலும் சந்தனம் அப்பியிருந்தார். வேர்த்துக் கொட்டிய வெயிலிலும் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போட்டிருந்தார்.

நாலு மணிக்கு ஆமி முகாமிலிருந்து ஜீப் வரும். அந்த ஜீப்பில் ஏறியவர்களைத் தேடி முகாம் முகாமாக அலைகிற தாய்மார் ஊரில் நிறையப் பேர். புஷ்பவதியின் தாய் பாக்கியரத்தினம் வாசற்படியில் இருந்தபடி சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜீப்பில் ஏற்ற ஒரு வைத்தியச் சான்றிதழ் வேண்டும். அதற்காகப் பொலிஸ் சார்ஜன் அன்ஸார் ஆஸ்பத்திரியிலிருந்து டொக்டர் றுக்கியாவை அழைத்து வந்தார். மூதூர்க்காரி. குட்டையான, வேகமாக நடக்கிற பெண்.

"எரிகாயம் என்டு எழுதி ஒரு கையெழுத்து, மிஸ். ரெண்டு நிமிச வேலை," என்றார் சார்ஜன்.

"கையெழுத்துக்கு ரெண்டு நிமிசம் போதும் நானா. பாக்கத்தான் நேரம் வேணும்." சார்ஜனை அண்ணன் முறையில் நானா என்றுதான் டொக்டர் அழைப்பார்.

டொக்டர் புஷ்பவதியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். இமைகளை விரலால் நீவிப் பார்த்தார். மூக்கின் இரு பக்கத்து மடிப்பையும் பார்த்தார். கருமை கன்னத்தில் வந்து மடிப்பின் ஓரத்தில் நின்றுவிட்டது. மடிப்புக்குள் தோல் சுத்தமாக இருந்தது.

"எரியுதா தங்கச்சி?"

"இல்லை. வெயில்ல போனாத்தான் எரியும்."

"வாயைத் திறங்க."

மேலண்ணத்தில் ஒரு புண். டொக்டர் பஞ்சால் தொட்டார். புஷ்பவதி முகம் சுளிக்கவில்லை.

"நோகேல்லையா?"

"அங்க புண் இருக்கிறதே எனக்குத் தெரியாது."

"நெருப்புப் புகை வாய்க்குள்ளயும் போயிருக்கு," என்றார் குலசிங்கம், கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி. கண்ணில் நீர் வடிந்தது.

"கண்ணுக்கு என்ன?"

"தூசு."

டொக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. புஷ்பவதியின் தலையை வருடினார். விரலோடு ஒரு கொத்து மயிர் வந்தது. அதைத் தாளில் மடித்து வைத்துக்கொண்டு அவள் காலைப் பெருவிரலால் அழுத்தினார். எடுத்த பிறகும் குழி நிறையவில்லை.

"எப்ப இருந்து வீக்கம்?"

வாசலிலிருந்து தாய் பதில் சொன்னாள். "ஒரு மாசம், டொக்டர் அம்மா. காலமையில கை விரல் மடியாது. தலை பின்ன ஏலாது. நான்தான் பின்னிவிடுறனான்."

"கன்னம்?"

"போன வருசமும் வெயிலுக்கு இப்பிடிக் கறுத்தது. சூடு எண்டு நல்லெண்ணெய் பூசினம். பிறகு காய்ச்சல். மலேரியா எண்டு குளிசை தந்தவை."

"ரத்தத்தில மலேரியா இருந்ததா?"

"இல்லை எண்டுதான் சொன்னவை. ஆனா மாரி முழுக்கக் குளிசை போட்டாள். மூட்டு நோவும் போச்சு, கன்னமும் தெளிஞ்சுது. குளிசை முடிஞ்சு வெயில் வர எல்லாம் திரும்பி வந்திட்டுது."

டொக்டர் முதல் தடவையாகச் சிரித்தார்.

"தாய் பொய் சொல்லத்தானே செய்வாள்," என்றார் குலசிங்கம்.

"சரி, தாயை விடுவம். பொய் சொல்லத் தெரியாத ஒரு சாட்சி இரிக்கி," என்ற டொக்டர், புஷ்பவதியிடம் ஒரு சிறு போத்தலைக் கொடுத்துக் குளியலறைக்கு அனுப்பினார். "நானா, ஆஸ்பத்திரியில என்ட மேசையில ஸ்பிரிட் விளக்கும் கண்ணாடிக் குழாயும் அமிலப் போத்தலும் இரிக்கி. ஆளை அனுப்பி எடுங்க."

மூன்று மணி. பொலிஸ் நிலையத்து மேசையில் விளக்கு எரிந்தது. போத்தலில் வந்த சிறுநீரைக் குழாயில் ஊற்றி, டொக்டர் மேல்பாதியைச் சூடாக்கினார். தெளிந்த நீர் கொதித்ததும் வெள்ளையாகத் திரண்டது. இரண்டு சொட்டு அமிலம் விட்டார். வெறும் உப்பென்றால் கரைந்திருக்கும். வெண்மை கரையவில்லை.

சார்ஜன் குனிந்தார். "அவிச்ச முட்டை மாதிரி இரிக்கி."

"அதே சத்துத்தான். சிறுநீரகம் இதை வெளியே விடக் கூடாது. முகத்தில நெருப்புப் பட்டா சிறுநீரகம் ஒரு மாசத்துக்கு முதலே பழுதாகுமா?"

டொக்டர் விளக்கை அணைத்தார்.

"இவக்கு லூப்பஸ். உடம்பைக் காக்கிற ரத்தமே உடம்பை எதிரியென்டு நினைச்சு அடிக்கும். தோல், மூட்டு, வாய், சிறுநீரகம், ஒண்டையும் விடாது."

"உள்ளுக்குள்ள ஒரு சுற்றிவளைப்பு என்டு சொல்லுங்க," என்றார் சார்ஜன் மெல்ல.

"ஓம் நானா. வெயில்தான் ஆள்காட்டி. வெயில் படாத மூக்கு மடிப்புக்குள்ள கறுப்பு இல்ல, நெருப்பு மடிப்புப் பாத்து நிக்காது. புத்தகத்துப் படத்தில வெள்ளைக்காரப் பொம்பிளைக்குக் கன்னம் சிவந்திரிக்கி. நம்மட தோல் நாவற்பழம் மாதிரிக் கறுக்கும். அதாலதான் முதல்ல சூடு, பிறகு மலேரியா, இப்ப நெருப்பு என்டு ஆளுக்கொரு பேர் வெச்சம். மலேரியாக் குளிசை இந்த நோய்க்கும் மருந்து. அது கேட்டதால நோயை ஒருத்தரும் தேடல்ல."

"கதை நல்லாத்தான் இருக்கு," குலசிங்கம் எழுந்தார். "அப்ப கொட்டிலைக் கொளுத்தினது பேயோ?"

"இருங்க மனேஜர். அதுக்குத்தான் வாறன்." டொக்டர் தாளை விரித்தார். "நெருப்புப் பட்ட மயிர் நுனி சுருண்டு பொடியும். இது வேரோட கழண்டிரிக்கி. முகத்தில நெருப்பு அடிச்சா முதல்ல போறது புருவமும் இமை மயிரும். இவட இமையைப் பாருங்க நானா. ஒரு மயிரும் கருகல்ல."

சார்ஜன் பார்த்தார். நீண்ட, கரிய இமைகள்.

"இனி மனேஜரைப் பாருங்க."

எல்லோரும் திரும்பினார்கள். குலசிங்கத்தின் கை தானாகக் கண்ணுக்குப் போனது.

"நான் அம்மனுக்கு நேர்த்தி வச்சனான்! மொட்டை அடிச்சனான்!"

"தலைமயிர் குடுத்தீங்க, சரி. மீசையும் குடுத்தீங்க. இமை மயிரை எந்த அம்மன் கேட்டது?"

வாங்கில் இருந்த புஷ்பவதி மெல்ல நிமிர்ந்தாள்.

"நானா, ஒரு வாளி தண்ணி. சந்தனத்தைக் கழுவட்டும். சட்டைக் கையையும் மடிச்சுவிடுங்க."

சந்தனம் கரைந்தது. புருவம் கருகி, நெற்றியிலும் மூக்கிலும் தோல் சிவந்து உரிந்து கிடந்தது. வலது முழங்கையிலிருந்து விரல் வரை ஒரு மயிர் இல்லை, கொப்புளங்கள் மட்டும்.

"எஞ்சின் எங்க?" என்றார் சார்ஜன். இப்போது அவர் குரல் வேறு.

"எனக்குத் தெரியா..."

"நாலு மணிக்கு ஜீப் வருது மனேஜர். ஆரையாவது ஏத்தாமப் போகாது."

குலசிங்கம் கதிரையில் விழுந்தார். "லிங்கநகர். என்ர வீட்டு விறகுக் கொட்டிலுக்குள்ள. கிடுகுக்குக் கீழ."

"அந்தப் பிள்ளையை ஏன் மாட்டினாய்?"

"அவளின்ர முகம்..." அவர் தரையைப் பார்த்தார். "பாத்த உடன எல்லாரும் நம்புவினம் எண்டு தெரியும்."

நாலு மணிக்கு ஜீப் வந்தது. விறகுக் கொட்டிலில் எடுத்த மூன்று எஞ்சின்களும் முற்றத்தில் கிடந்தன. சார்ஜன் ஜீப்பில் வந்த அதிகாரியிடம் வைத்தியச் சான்றிதழை நீட்டினார். அதில் எரிகாயம் பட்டவர் என்று ஒரு பெயர்தான் இருந்தது, குலசிங்கம். "இது களவுக் கேஸ். நாங்களே பாத்துக்கொள்றம்," என்றார். ஜீப் வெறுமையாகத் திரும்பியது. அதே நேரம் ஆஸ்பத்திரி வாகனத்தில் புஷ்பவதியும் தாயும் ஏறினார்கள். பாக்கியரத்தினம் டொக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

கொழும்புக்கு அனுப்பிய ரத்தமும் டொக்டர் சொன்னதையே சொன்னது. குளிசைகள் தொடங்கின. முதலில் காய்ச்சல் விட்டது. பிறகு கால் வீக்கம் வடிந்தது. இது முற்றாக மாறாது, ஆனால் கட்டுப்பாட்டில் வைக்கலாம் என்றார் டொக்டர். மாசியில் புஷ்பவதி தன் தலையைத் தானே பின்னினாள். தவராசா வாடியில் கூரைக்குக் கீழே கருவாடு நிறுக்கிற வேலை கொடுத்தார்.

வேலைக்குப் போகிற வழியில் ஒரு சோதனைச் சாவடி உண்டு. அங்கே குடையோடு வருகிறவர்கள் மடக்கிக் காட்ட வேண்டும். ஒரு நாள் உச்சி வெயிலில் புஷ்பவதி கறுத்தக் குடையோடு வந்தாள். சாவடியில் சார்ஜன் அன்ஸார்.

"பாருங்கடா, நம்மட சந்தேக நபர் வாறா!"

"இண்டைக்கு முகத்தைச் சோதிக்கேல்லையோ சார்ஜன்?"

"ரெண்டு கன்னமும் சுத்தவாளி என்டு எப்பவோ தீர்ப்பாயிட்டு."

அவள் சிரித்துக்கொண்டு குடையை மடக்கப் போனாள்.

"மடக்காதீங்க!" சார்ஜன் கையை நீட்டித் தடுத்தார். பக்கத்தில் நின்ற சிப்பாயைப் பார்த்துச் சொன்னார். "இந்தக் குடையை ஒருத்தரும் மடக்கச் சொல்லக் கூடாது. உண்மையான எதிரி மேல நிக்கிறான்."

புஷ்பவதி குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சாவடியைத் தாண்டி நடந்தாள்.