ஹுமைதின் முறை

முஹன்னா ஊர் திரும்பியபோது நல்ல வெயில். வெள்ளைக்காரர்களின் ஜீப் அவனைப் பேரீச்சந்தோப்பின் ஓரத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. புழுதி அடங்கியதும் எதிரே, சுல்தானை எதிர்த்துப் போரிட்ட இமாமின் ஆட்கள் பதுங்கியிருந்த மலை தெரிந்தது. போர் முடிந்து ஒரு வருஷம் ஆகியும், குண்டு விழுந்த இடங்கள் ஆறாத புண்ணாகத்தான் இருந்தன.

அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் ஹுமைதின் நினைப்பு வரும்.

ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் சுரங்கக் கால்வாய் ஊற்றெடுக்கும் தாய்க்கிணறு மலையில் எங்கே இருக்கிறது என்று வெளியாள் எவனுக்கும் தெரியாது. சுல்தானுக்குத் துணைவந்த ஆங்கிலேய அதிகாரி விரித்த வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டியவன் முஹன்னா. தண்ணீர் நின்றால் ஊர் பணியும், மலையில் இருப்பவர்களுக்குச் சோறு போகாது என்றான் அதிகாரி. விமானங்கள் வந்து குண்டு போட்ட அன்று ஹுமைத் அந்தக் கிணற்றுக்குள் தூர் வாரிக்கொண்டிருந்தான். அவன் இறங்கும் நாள் எது என்று முஹன்னாவுக்குத் தெரியும். ஹுமைதின் தண்ணீர்மேல் அவனுக்குப் பல காலமாகவே கண்.

இடிந்ததை ஊரார் தோண்டித் தண்ணீரை மீட்டார்கள். ஹுமைதின் உடல் மட்டும் கிடைக்கவில்லை. சுல்தானின் ஆளுநர் அவனைக் கலகக்காரன் என்று சொல்லி, அவன் நீர்ப்பங்கை முஹன்னாவுக்குக் கொடுத்துவிட்டார்.

தோப்பு நடுவே முறைக்கோல் நின்றது. தரையில் நட்ட கம்பு. அதன் நிழல் யாருடைய கல்லைத் தொடுகிறதோ, தண்ணீர் அப்போது அவருக்கு. மடைக்காரன் ஸுலைத் பக்கத்தில் குந்தியிருந்தான். காய்ந்துகொண்டிருந்த தன் மரங்களின் அடியில் ஹுமைதின் மனைவி ஷம்ஸா.

"வாங்க அபூ ஸைஃப்! வெள்ளைக்கார ரொட்டி உடம்புல நல்லாத்தான் ஒட்டியிருக்கு," என்றான் ஸுலைத், முஹன்னாவை அவன் மகன் பெயரால் அழைத்து.

"கிண்டல் போதும். என் முறை எப்போ?"

"அது உன் முறை இல்ல," என்றாள் ஷம்ஸா. "என் புருஷன் முறை."

"செத்தவனுக்கு எதுக்கு தண்ணி?"

"செத்ததை நீ பாத்தியா? கிணத்துல இறங்கினவரு இன்னும் ஏறி வரல. அவ்வளவுதான்."

முஹன்னா சிரித்து மழுப்பினான்.

"நிழல் கல்லைத் தொடட்டும்," என்றான் ஸுலைத். "அதுக்கு முன்னாடி மடையில கை வச்சா களவு. உனக்குச் சொல்லணுமா?"

நிழல் ஹுமைதின் கல்லை நோக்கி ஊர்ந்தது. ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது.

மரங்களின் நிழல்கள் நீண்டுகொண்டே போயின. கம்பின் நிழல் மட்டும் அசையவில்லை.

ஸுலைத்தின் முகம் வெளுத்தது. தொழுகைக்கு அழைப்பு கேட்டதும் அவனும் ஷம்ஸாவும் எழுந்து போனார்கள்.

முஹன்னா தனியாக இருந்தான். தோப்பில் குருவிச் சத்தம்கூட இல்லை. சுரங்கத்தின் வாயிலிருந்து ஈரமண் வாசனையும், அதோடு கந்தக நெடியும் வந்தன.

டொக்.

பூமிக்கு அடியில் யாரோ தூர் வாரினார்கள்.

டொக். டொக்.

சத்தம் அவனை நோக்கி வந்தது.

பயம் ஆத்திரமாகிவிட்டது அவனுக்கு. "ஒரு கம்புக்கு நான் காத்துக் கிடக்கணுமா?" என்று கத்தி, மடையை அடைத்திருந்த துணி சுற்றிய கல்லைப் பிடுங்கி எறிந்தான். தண்ணீர் நாலு முழம் ஓடி நின்றது. மடைவாயில் ஏதோ அடைத்திருந்தது. குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டான்.

உள்ளே இருந்த கை அவன் கையைப் பிடித்தது.

அதில் மூன்றே விரல்கள்.

கிணற்றில் கல் உருண்டு இரண்டு விரல் போனவன் இந்த ஊரில் ஒருவன்தான்.

"முஹன்னா," என்றது கிசுகிசுப்பாக, காதுக்கு மிக அருகில். "இது என் முறை."

தொழுகை முடிந்து வந்தவர்கள், கணுக்கால்கூட நனையாத தண்ணீரில் அவன் முகம் புதைந்து கிடந்ததைக் கண்டார்கள். புரட்டியபோது வாயிலிருந்து தண்ணீர் குடம் குடமாய்க் கொட்டியது. நகக்கண்ணெல்லாம் தாய்க்கிணற்றின் செம்மண். யாரும் அழவில்லை. அடக்கம் செய்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்கள்.

மறுநாள் நிழல் ஒழுங்காக நகர்ந்து ஹுமைதின் கல்லைத் தொட்டது. மடையைத் திறக்கக் குனிந்த ஸுலைத் அப்படியே நின்றுவிட்டான்.

ஷம்ஸாவின் மரங்களுக்குத் தண்ணீர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. முஹன்னாவின் தோட்டத்து மடை புதுச் செம்மண்ணால் அடைபட்டிருந்தது. அதன்மேல் மூன்று விரல்கள் பதிந்த உள்ளங்கைத் தடம்.

"தொடாதே உம்மு தர்வீஷ்," என்றான் ஸுலைத் ஷம்ஸாவிடம், பின்னால் நகர்ந்து.

அவள் கேட்கவில்லை. மண்டியிட்டு, தன் கையை அந்தத் தடத்தின்மேல் வைத்தாள்.

மண்ணுக்குள்ளிருந்து அது திருப்பி அழுத்தியது.

நிழல் கல்லைக் கடக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.