நடுக் கட்டம்

"அந்தப் பட்டனை அப்படிக் குத்தாதீங்க... அதுக்கும் வலிக்கும்ல?"

லிஃப்ட்டின் மூலையிலிருந்து வந்த குரலைக் கேட்டதும் அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தலையெல்லாம் மழைநீர். நெஞ்சோடு அணைத்திருந்த காகிதக் கட்டின் ஓரங்கள் ஊறிப் போயிருந்தன. ஆஸ்பத்திரி வேலையில் இன்றுதான் முதல் நாள்... அதுவும் இருபது நிமிடம் தாமதம்! இந்த லட்சணத்தில் லிஃப்ட் வேறு இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் அசையாமல் நிற்கிறது.

"நின்னுபோச்சு சார்! குத்தாம, கொஞ்சவா சொல்றீங்க?"

"கொஞ்சினா போகும். நான் பார்த்திருக்கேன்."

அவன் உதடு சிரிக்கவில்லை. கண்கள்தான் சிரித்தன... களைத்த கண்கள். கீழிமை இரண்டும் லேசாக வீங்கியிருந்தன. இத்தனை களைப்புக்குள் இவ்வளவு குறும்பு எப்படி ஒளிந்திருக்கிறது என்று அவள் ஒரு விநாடி அதிகமாகவே பார்த்துவிட்டாள். அவனும் அதைக் கவனித்துவிட்டான். சட்டென்று சுவரில் காதை வைத்து எதையோ கேட்பதுபோல் பாவனை செய்தான்.

"பிரேக்தான் பிடிச்சிருக்கு. கயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்க. அஞ்சு நிமிஷத்துல மேல இருந்து ஆள் வந்து விடுவிச்சிடுவான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு வருஷம்."

"ஓ... ரிப்பேருக்கு வந்தவரே நீங்கதானா! வந்தவரே மாட்டிக்கிட்டா யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அவன் தோளில் தொங்கிய துணிப்பையை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டான்.

சொன்னபடியே லிஃப்ட் உயிர்பெற்று மூன்றாம் மாடியில் கதவைத் திறந்தது. ஆனால் மாடித் தரை இரண்டு விரல் அளவு உயரமாக இருந்தது. "லெவல் சரியில்ல. மூணு மாசமாச் சொல்றேன், யாரும் காதுல போட்டுக்கல" என்று முணுமுணுத்தான் அவன். அவள் ஒரே தாவலில் வெளியேறினாள். திரும்பிப் பார்த்தபோது, அவன் கதவுச் சட்டத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இரண்டு விரல் உயரத்துக்கு இரண்டு கை வேண்டியிருந்தது.

பின்னால் எத்தனையோ முறை அந்தக் காட்சியை நினைத்து அவள் வெந்துபோயிருக்கிறாள். முதல் நாளே பார்த்தேனே... என் கண் முன்னால்தானே நடந்தது!

டயாலிசிஸ் பிரிவில் பன்னிரண்டு நாற்காலிகள், பன்னிரண்டு மெஷின்கள். டாக்டர் அவள் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார். பத்துக் கேள்விகள். தானாகக் குளிக்க முடியுமா, சட்டை பட்டன் போட முடியுமா, படி ஏற முடியுமா... ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டங்கள்: தானாக, உதவியோடு, முடியாது. இரண்டு மார்க், ஒரு மார்க், பூஜ்யம்.

"ரத்தத்துல என்ன இருக்குன்னு மெஷின் சொல்லிடும்மா. இவரு எழுந்து பாத்ரூம் போக என்ன பாடு படறாருன்னு அது சொல்லாது. இந்தச் சின்னச் சின்ன வேலையெல்லாம் கையை விட்டுப் போக ஆரம்பிச்சா, ஆயுசும் கூடவே போகுது. முன்னாடியே தெரிஞ்சா பயிற்சி கொடுத்துக் கொஞ்சம் பிடிச்சு நிறுத்தலாம். பெடல் மெஷின் எட்டுதான் இருக்கு. மார்க் குறைஞ்சவங்களுக்கு முதல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே டாக்டர் சேர்த்துச் சொன்னார்: "அவங்க வாயால சொல்றது பாதி, நீ கண்ணால பார்க்கிறது மீதி. ரெண்டும் சண்டை போட்டா, கண்ணை நம்பு."

தலையை நன்றாகத்தான் ஆட்டினாள்.

ஏழாவது நாற்காலியில் அவன் இருந்தான்.

"நீங்களா...? ரிப்பேருக்கு வந்தவர்னு நினைச்சேனே..."

"ரிப்பேருக்குத்தான் வந்தேன். எனக்கு!" என்றான். "வாரம் மூணு நாள், நாலு நாலு மணி நேரம். கேளுங்க, கேள்வித்தாள் மேடம். எனக்குப் பரீட்சைன்னா ரொம்பப் பிடிக்கும்."

குளிப்பது? தானாக. உடுத்துவது? தானாக. சட்டையைக் காட்டினான், வழக்கமான பட்டன்கள் இல்லை, பிரஸ் பட்டன்கள். டிக் டிக்கென்று இழுத்துக் காட்டியபோது ஸ்டைல் என்றுதான் நினைத்தாள். படி ஏறுவது? "மேடம், நேத்துகூடப் பதினாலு மாடிக் கட்டடத்துல மொட்டை மாடி மோட்டார் ரூமுக்கு ஏறினேன்." கடைவீதி? தானாக. மாத்திரை? தானாக. எல்லாவற்றுக்கும் தானாக, தானாக!

கடைசியாகச் செய்து காட்டும் சோதனை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். ஊசி போடுவதற்கு முன்பே அதை முடிக்கச் சொல்லியிருந்தார்கள். ஒன்று... இரண்டு... மூன்றாவதில் அவன் கழுத்து நரம்பு புடைத்தது. நான்காவதில் வலது கை மெல்ல நழுவி நாற்காலியின் பிடியைத் தொட்டது. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் குறும்பு இல்லை. 'இதை மட்டும் பார்க்காதேயேன்' என்ற கெஞ்சல் இருந்தது.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்ன ஆயுசு என்ற சொல் காதுக்குள்ளேயே நின்றது. இந்தக் கண்களுக்கு நான் எப்படி மார்க் குறைப்பேன்? பேனா தானாகவே முதல் கட்டத்துக்குப் போனது. இருபதுக்கு இருபது.

படிவத்தின் அடியில் ஒரு கோடு: உதவி செய்பவர். "தேவையில்லைன்னு போடுங்க" என்றான் கம்பீரமாக. அப்படியே போட்டாள்.

அதன் பிறகு வந்த வாரங்கள்... ஐயோ, எவ்வளவு இனிமையான வாரங்கள்! செவ்வாய், வியாழன், சனி என்றால் அவள் தலையைக் கொஞ்சம் கூடுதலாகவே வாரிக்கொள்வாள். மற்ற நாற்காலிகளின் கேள்விகளை அவசரமாக முடித்துவிட்டு ஏழாவதன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொள்வாள்.

"ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணிதான் குடிக்கணும்னு உத்தரவு. மேடம், மழையில நனைஞ்சா அதுவும் கணக்குல சேருமா?"

"வாயைத் திறந்துக்கிட்டு நனைஞ்சா சேரும்."

"அப்ப உங்களோட போனா சேராது. நீங்க என்னைப் பேசவே விடமாட்டீங்களே!"

பெரிய சிஸ்டர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேண்டுமென்றே தொண்டையைக் கனைப்பார்.

ஒரு நாள் இடது மணிக்கட்டை நீட்டினான். ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்த இடம். "தொட்டுப் பாருங்க." விரல் வைத்தாள். தோலுக்கு அடியில் ர்ர்ர் என்று ஒரு அதிர்வு ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. "மோட்டார்! ஓடுற வரைக்கும் ஆள் இருக்கேன்னு அர்த்தம்." அவள் விரலை எடுக்க மறந்துபோனாள். அவனும் எடுக்கச் சொல்லவில்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இருவருமே சொல்லவில்லை. இன்னும் நிறைய நாள் இருக்கிறது என்ற நினைப்பு... யாருக்கு? பன்னிரண்டு மெஷின்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அப்படி நினைத்தார்களே, அதுதான் வேடிக்கை.

மூன்றாவது மாதம் ஒரு வியாழக்கிழமை. இருவரும் ஒரே லிஃப்ட்டில் வந்தார்கள். அதே இரண்டு விரல் உயரம் இன்னும் அப்படியே இருந்தது. அவள் முதலில் வெளியே தாவி, திரும்பி நின்று, விளையாட்டாகக் கையை நீட்டினாள்.

"கை கொடுக்கவா, பெரியவரே?"

"யாருக்கு? எனக்கா?"

இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். கதவுச் சட்டத்தை ஒரு தரம் பார்த்தான், பிடிக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாளே! காலைத் தூக்கினான்... தூக்கியதாக நினைத்தான். செருப்பு நுனி தட்டியது. பைக்குள் இருந்த கைகள் வெளியே வருவதற்குள் இடுப்பு தரையில் மோதிவிட்டது. அந்தச் சத்தம் அவள் காதிலிருந்து இன்றுவரை போகவில்லை.

தொடை எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் முடிந்த மறுநாள் வார்டுக்குப் போனாள். கட்டிலருகில் அவனுடைய அக்கா உட்கார்ந்திருந்தாள். தையற்கடைக்காரி, கழுத்தில் அளவு நாடாவைக்கூட எடுக்காமல் ஓடி வந்திருந்தாள்.

"நீதான் அந்தக் கேள்வி கேக்கிற பொண்ணா?"

"ஆமாக்கா..."

"இவனுக்கு இருபதுக்கு இருபது போட்டது நீதானா? எதைப் பார்த்தும்மா போட்டே? குளிக்க ஸ்டூல் போட்டுட்டு வாசல்லயே நிக்கிறவ நான். செருப்பு மாட்டிவிடுறவ நான். விரல் மடங்கலன்னு எல்லாச் சட்டைக்கும் பிரஸ் பட்டன் தைச்சதும் நான்தான். இவன் ஸ்பானரைத் தொட்டே ஒரு வருஷமாச்சு! தம்பிக்கும் அந்தப் பெடல் மெஷினைக் குடுங்கன்னு நடையா நடந்தேன். லிஸ்ட்ல பேர் இல்ல, உங்க தம்பி ரொம்ப நல்லா இருக்காருன்னு அனுப்பிட்டாங்க."

"அவர் சொன்னதைத்தான்க்கா நான்..." என்று தொடங்கினாள். அவன் சொன்னதையா எழுதினாள்? தான் ஆசைப்பட்டதை அல்லவா எழுதினாள்!

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். "அக்கா... அவங்களைப் போகச் சொல்லு. என்னை இப்படிப் பார்க்க வேண்டாம்."

போய்விட்டாள். அன்றே டாக்டரிடம் நடந்ததைச் சொன்னாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அந்தப் பழைய படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "அழிக்காத. கீழே தேதி போட்டு, பார்த்ததை எழுது" என்றார். எழுதும்போது எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. அவன் பெயர் பயிற்சிப் பட்டியலில் ஏறியது, மூன்று மாதம் தாமதமாக. எலும்பு கூடினாலும் இனி நடை வாக்கரோடுதான் என்றார் டாக்டர். பழையபடி ஆகாது.

பெரிய சிஸ்டரிடம் சொல்லித் தன் நாட்களைத் திங்கள், புதன், வெள்ளி என்று மாற்றிக்கொண்டாள். எந்த முகத்தோடு போய் நிற்பது? அவனும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. இவள் குற்ற உணர்வு ஒரு பக்கம், அவன் வீம்பு ஒரு பக்கம்... இன்னும் மூன்று மாதம் போயே போய்விட்டது.

ஆறு மாதம் கழித்து அதே பத்துக் கேள்விகளை மறுபடியும் கேட்டாக வேண்டும் என்பது விதி. தலையெழுத்து என்று சொல்லவில்லை, ஆஸ்பத்திரி விதியைத்தான் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை படிவத்தோடு ஏழாவது நாற்காலியின் முன்னால் வந்து நின்றாள். பருவம் தப்பிய மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் இளைத்திருந்தான். பக்கத்தில் ஒரு வாக்கர். இன்னும் ஊசி போடவில்லை.

"உட்காருங்க, கேள்வித்தாள் மேடம்."

அந்தப் பெயரைக் கேட்டதுமே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கேள்வி கேக்கறதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லணும். நாலாவது தடவை நீங்க கை ஊன்றினதை நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். மார்க் குறைஞ்சா நாள் குறையும்னு டாக்டர் சொன்னாரா... உங்க நாள் குறையறது எனக்குப் பிடிக்கல. மார்க்கைக் கூட்டிப் போட்டா நாளும் கூடிடும்னு நினைச்சேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! உங்களை எனக்கு... அன்னைக்கே... ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அதான் பண்ணினேன். அதுதான் உங்களை விழவச்சுது."

அவன் வாக்கரின் கைப்பிடியை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"பழுதான லிஃப்ட்ல முதல்ல ஒரு போர்டு மாட்டணும்" என்றான் மெல்ல. "பன்னிரண்டு வருஷமா நான் பசங்களைத் திட்டற திட்டே அதுதான். போர்டு மாட்டாம விட்டா யாராவது விழுவாங்கடான்னு. எனக்கு மட்டும் மாட்டிக்க மனசு வரல. 'பழுது'ன்னு மாட்டினா நீங்க ஏறாமப் போயிடுவீங்களோன்னு பயம்... அந்தப் பதினாலு மாடியெல்லாம் பொய். உங்க சிரிப்புக்காகச் சொன்ன பொய். தப்பு உங்களோடது பாதி, என்னோடது பாதி. மார்க் மாதிரி பிரிச்சுக்கலாம்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு கேள்விகளைக் கேட்டாள். குளிப்பது? உதவியோடு. உடுத்துவது? உதவியோடு. படி? முடியாது. ஒவ்வொரு பதிலும் அவனுக்குக் கசந்தது, ஆனாலும் சொன்னான். மற்ற டிக் எல்லாம் நடுக் கட்டத்திலேயே குவிந்தது.

"எவ்வளவு வருது?"

"இதுவரைக்கும் எட்டு."

"ஃபெயிலா?"

"ஃபெயில்தான்."

"அடியில ஒரு கோடு இருக்குமே... உதவி செய்பவர்னு. அக்கா பேரைப் போடுங்க. பக்கத்துல இன்னும் இடம் இருக்கா?"

"இ... இருக்கு."

"உங்க பேரைப் போடலாமா? எவ்வளவு நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது. கையில கிடைச்ச ஆறு மாசத்தை நாம ரெண்டு பேருமா வீணாக்கிட்டோம். மிச்சம் இருக்கிறது கொஞ்சம்தான், அதுவும் வாக்கரோட. ஆனா அந்தக் கொஞ்சத்துல... எனக்கு உங்களைப் பிடிக்கும்னு தினமும் சொல்லலாம்னு பார்க்கிறேன்."

அவள் அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். முழுப் பெயர்.

இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது. அவன் வாக்கரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"கை கொடுங்க" என்றான்.

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். அவன் எழுந்தான்... மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு, முழுப் பாரத்தையும் அவள் உள்ளங்கைகளில் இறக்கி. அவன் மணிக்கட்டின் அதிர்வு அவள் விரல்களில் ஓடியது. கால்கள் நடுங்கின, முகம் வேதனையில் கோணியது. வெளியே மழை வலுத்தது.

இந்த முறை அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.