சேவைக்குத் தளம் ஏது?

லிஃப்ட் வழக்கம்போல், "நீங்கள் செய்வது?" என்று கேட்டது. "வேலை" என்றாள் அஞ்சுகம். அது அவளை நிலத்தடி ஐந்தாம் தளத்தில் கொண்டுபோய் இறக்கியது.

செவ்வாய்க் குடியிருப்பில் சொல்தான் முகவரி. உத்தியோகம் பார்ப்பவர்களுக்குக் கண்ணாடிக் கூரையும் வெயிலும். பணி புரிபவர்களுக்கு நடுத்தளம். வேலை செய்பவர்களுக்குக் குழல்விளக்கு. அஞ்சுகம் காற்று வடிகட்டிகளில் படியும் செம்புழுதியைச் சுரண்டி எடுப்பவள். அந்தப் புழுதி மூட்டுகளில் புகுந்து ரோபோக்கள் மூன்றே நாளில் முடங்கிப்போனதால், அந்த வேலை மனிதக் கைக்கு வந்திருந்தது. மகள் குயிலிக்கு எலும்பில் வலுவில்லை. வெயில் வேண்டும் என்றார் டாக்டர்.

தன் சொல்லை மாற்றித் தரும்படி அஞ்சுகம் சொல்லளவியிடம் மனுப் போட்டாள். யார் செய்வதற்கு எந்தச் சொல் என்று தீர்மானிக்கும் இயந்திரம் அது. இதுவரை யாரும் கேட்காததால் அது யோசித்ததும் இல்லை. இப்போது யோசித்தது. மேலாளர் சந்திரமோகன் வராவிட்டால் இரண்டு கூட்டங்கள் குறையும். அஞ்சுகம் வராவிட்டால் ஆறு மணி நேரத்தில் குடியிருப்பின் நானூறு பேருக்கும் மூச்சு முட்டும்.

"வடிகட்டி சுத்தம் செய்வது உத்தியோகம். மேலாளர் செய்வது பிழைப்பு" என்று அறிவித்தது.

மேல்தளம் கொதித்தது. தீர்ப்பை மாற்ற வழியில்லை, ஆளை மாற்றலாமே! ஆட்சிக்குழு அவசரமாகக் கூடி, வடிகட்டி உத்தியோகத்தைச் சந்திரமோகன் பெயரில் எழுதியது. அஞ்சுகத்தை மேடையேற்றிச் சால்வை போர்த்தியது.

"நீங்க செய்யறத உத்தியோகம்னு கொச்சைப்படுத்தலாமாம்மா? அது சேவை!" சந்திரமோகனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அதுக்கு எந்தத் தளங்கய்யா?"

"சேவைக்கு ஏதும்மா தளம்? அது எல்லாத்துக்கும் மேல!"

அன்றும் அவள் பழைய அறைக்குத்தான் திரும்பினாள்.

மறுநாள் காலை குயிலிக்குத் தலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்குச் சுவர் ஒலிபெருக்கியில் சந்திரமோகன் இருமினார். "என்னம்மா, வடிகட்டிப் பக்கம் போகலையா? காத்தே வரல!"

"சேவைன்னா மனசு வந்து செய்யறதுதானேங்க? இன்னிக்கு மனசு வரல."

நண்பகலுக்குள் ஆட்சிக்குழு மூச்சு வாங்க வாங்க ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. மேல்தளத்தில் ஓர் அறை தருவதைப் பற்றி அல்ல. 'சேவை'யை அடித்துவிட்டுக் 'கடமை' என்று எழுதியிருந்தார்கள்.

அஞ்சுகம் அதைப் படித்துச் சிரித்தாள். பிறகு குயிலியைப் பார்த்தாள். பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. காற்று குறைந்தால் முதலில் தீர்ந்துபோவது கீழ்த்தளத்தில்தான். பிரஷை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மேலே காற்று சீரானதும், சந்திரமோகன் முதல் மூச்சிலேயே கடமையுணர்வைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.