கொம்பு முளைக்காத ஊசி

"கதவைத் திறடா!"

"மாட்டேன். ஊசி போட்டா எனக்குக் கொம்பு முளைக்கும்!"

பள்ளியின் விளையாட்டுச் சாமான் அறைக்குள் தம்பி தாழ்போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு வயது ஆறு. வெளியே நின்ற அக்காவுக்குப் பதினொன்று. தடுப்பூசிக்காக ஒன்றாம் வகுப்பு முழுவதும் அந்தத் தாழ்வாரத்தில்தான் வரிசையில் நின்றது. ஒரு மணிக்கு நர்ஸ் கிளம்பிவிடுவார்.

"கொம்புன்னு யாருடா சொன்னது?"

"அகராதி அண்ணன்."

போன முறை ஊசியின்போது அம்மா தம்பியின் கையைப் பிடித்திருந்தாள். இப்போது அம்மா இங்கே இல்லை. அக்காதான் பிடிக்க வேண்டும். கதவு மூடியிருந்தால் எந்தக் கையைப் பிடிப்பது?

அகராதி அவள் வகுப்புப் பையன். கக்கத்தில் எப்போதும் ஒரு தடித்த அகராதி இருக்கும். அவனைத் தேடி அவள் வகுப்பறைக்கு ஓடினாள்.

"சின்னப் பிள்ளைகிட்ட என்னடா சொன்னே?"

"உள்ளதைத்தான். தடுப்பூசிக்கு இங்கிலீஷ்ல வாக்ஸீன். அது 'வாக்கா'ங்கிற லத்தீன் சொல்லுலேர்ந்து வந்தது. வாக்கான்னா பசு. இதோ, போட்டிருக்கு பாரு."

"கொம்பும் போட்டிருக்கா?"

"அது... சும்மா விளையாட்டுக்கு."

அவள் புத்தகத்தைப் பிடுங்கினாள். கீழே பொடி எழுத்தில் மீதி இருந்தது. ஒரு காலத்தில் பெரியம்மை ஏராளமானோரைக் கொன்றது. பசுக்களிடமிருந்து லேசான அம்மை தொற்றியவர்களை மட்டும் அது அண்டவில்லை. அந்த லேசான அம்மையிலிருந்தே தடுப்பு மருந்து பிறந்தது. அதனால்தான் அதற்குப் பசுவின் பெயர்.

"இதைப் படிக்கலையா?"

"முதல் வரிதான் படிச்சேன்."

"பேரு அகராதி, படிப்பு அரை வரி! நீயும் போன வாரம் ஊசி போட்டுக்கிட்டேல்ல? நட!"

சட்டையைப் பிடித்து இழுத்துவந்து, அறையின் ஜன்னல் கம்பியோரம் அவனைக் குனிய வைத்தாள்.

"டேய் தம்பி! இவனும் ஊசி போட்டவன்தான். தலையைத் தடவிப் பாரு."

ஒரு சின்னக் கை வெளியே நீண்டது. முடிக்குள் நிதானமாகத் தேடியது.

"கொம்பு இல்லக்கா," என்றது குரல். "பேன் இருக்கு."

வரிசை முழுவதும் சிரித்தது. நர்ஸும்தான். தாழ் விலகியது.

ஊசி ஏறும்போது தம்பி அக்காவின் விரல்களை நசுக்கிவிட்டான். அழவில்லை.

அகராதி மெல்ல நழுவப் பார்த்தான்.

"எங்கே போறே? மீதியை எல்லாருக்கும் சத்தமா வாசி."

வாசித்தான்.

"இப்போ குனி. கடைசிப் பிள்ளை தடவுற வரைக்கும் நிமிரக்கூடாது."

அன்று இருபத்துமூன்று பேர் அகராதியின் தலையைத் தடவிப் பார்த்த பிறகுதான் சட்டைக் கையை மடித்தார்கள்.